பீட்சாவில் சீஸ் வேண்டாமென்றால் எதை இடுவது?

சென்ற கோடை விடுமுறையில், ஒரே வாரத்தில், இரண்டு குடும்பங்கள் எங்களிடம் வந்தன. இரண்டு வருகைகளுக்கும் பின்னணியில் பீட்சா இருந்தது.

முதலில் வந்தவன் ஒன்பது வயதுச் சிறுவன். அவனுக்குப் பசும்பாலின் புரதத்தால் ஒவ்வாமை உண்டு. பெற்றோர் இருவரும் மிகுந்த கவனமுடையவர்கள். நண்பனின் பிறந்தநாள் விருந்தில் அவனுக்கென்று "சீஸ் போடாமல்" ஒரு பீட்சாவைத் தனியாகச் சொல்லி வாங்கியிருந்தார்கள். கடையிலும் சொன்னபடியே சீஸ் போடவில்லை. ஆனால் அடிரொட்டியின் மாவில் பால்பொடி கலந்திருந்தது. விளிம்பில் வெண்ணெய் தடவியிருந்தார்கள். உண்ட பத்து நிமிடங்களுக்குள் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழுந்து, மூச்சிரைப்பும் தொடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது.

மூன்று நாள் கழித்து அறுபத்திரண்டு வயது அம்மையார் ஒருவர் வந்தார். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உள்ளவர். சிறுநீரகத்தின் செயல்திறனும் குறைந்து வருகிறது. ஒரு மாதமாகக் கால் வீக்கம். இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லை. உணவைப் பற்றிக் கேட்டபோது மகள் ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். தாவரப் பொருட்களால் ஆன சீஸ். "பால் கலக்காததுதானே டாக்டர், அம்மாவுக்கு நல்லதுன்னுதான் வாங்கினேன். பேரப் பிள்ளைகளோட சேர்ந்து அம்மாவும் தினம் ரெண்டு துண்டு சாப்பிடறாங்க" என்றார். பொட்டலத்தின் பின்புறத்தை அவருடன் சேர்ந்து வாசித்தோம். தேங்காய் எண்ணெய், மாவுச்சத்து, உப்பு, பாஸ்பேட் சேர்மானம் என்று வரிசையாக இருந்தன. புரதம் ஏறக்குறைய இல்லை.

இரு குடும்பங்களும் அன்பினால்தான் அவ்வாறு செய்தன. சிறுவனின் வீட்டார் கண்ணுக்குத் தெரிந்த பாலை விலக்கினார்கள். மறைந்திருந்த பாலை அறியவில்லை. அம்மையாரின் வீட்டார், அவருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத பாலை விலக்கிவிட்டு, தீங்கு செய்யும் உப்பையும் பாஸ்பேட்டையும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே இந்த இதழில் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: சீஸுக்கு மாற்றாக எதை இடுவது என்று கேட்பதற்கு முன்னால், அதை ஏன் விலக்குகிறோம் என்று கேளுங்கள். காரணம் மாறினால் மாற்றும் மாறும்.

சீஸில் என்ன இருக்கிறது?

சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டி, பாலின் திரண்ட வடிவம். சுமார் பத்து லிட்டர் பாலிலிருந்து ஒரு கிலோ சீஸ் கிடைக்கிறது. பாலைத் திரித்து வடிக்கும்போது நீரும், பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையின் பெரும்பகுதியும் வெளியேறிவிடும். கேசீன் என்னும் புரதமும், கொழுப்பும், கால்சியமும் தங்கிவிடும். அத்துடன் உப்பும் சேர்க்கப்படும்.

பீட்சாவில் பெரும்பாலும் இடப்படும் மொஸரெல்லாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 கலோரி, 22 கிராம் புரதம், 22 கிராம் கொழுப்பு இருக்கின்றன. அந்தக் கொழுப்பில் பாதிக்கு மேற்பட்டது நிறைவுற்ற கொழுப்பு. கால்சியம் சுமார் 500 மில்லிகிராம். ஆகவே சீஸை நஞ்சென்று ஒதுக்குவது சரியன்று. நல்ல புரதமும் கால்சியமும் உள்ள உணவு அது. கூடவே கொழுப்பும் உப்பும் மிகுந்த உணவு. அதை எடுத்துவிட்டால் தீயவற்றோடு நல்லவையும் போய்விடும். போனவற்றை வேறு எங்கிருந்து பெறுவது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சூட்டில் இழுபடும் தன்மை எப்படி வருகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கேசீன் புரத இழைகளைக் கால்சியம் ஒரு வலைபோல் பிணைத்து வைத்திருக்கிறது. சூடேறும்போது கொழுப்பு உருகி, வலை தளர்ந்து, நூலாக நீள்கிறது. பருப்புகளின் புரதத்துக்கு இந்த இயல்பு இல்லை. அதனால் கடைகளில் விற்கும் தாவர சீஸ் பெரும்பாலும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் கொண்டு இந்தத் தன்மையை வரவழைக்கிறது. தோற்றம் சீஸைப்போல இருக்கும். ஊட்டம் அப்படி இராது.

ஏன் விலக்குகிறோம்? ஐந்து காரணங்கள்

1. பால் செரியாமை. டிகிரி காபிக்குப் பேர்போன கும்பகோணத்துக்கு அருகில் இருந்துகொண்டு, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு இடமில்லை. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்கும் குறைந்துவிடுகிறது. 1981இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், டெல்லியில் சோதிக்கப்பட்டவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தென்னிந்திய மையங்களில் 66.6 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் செரியாமை இருப்பது தெரிந்தது. செரியாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கிறது. அதனால் வயிற்று உப்புசம், இரைச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகின்றன. துன்பம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

இத்தகையோரில் பெரும்பாலோர் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பாலில் உள்ள அளவு வரை, தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னரே செரித்துவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர்ச்சோறு ஒத்துக்கொள்கிறது. மொஸரெல்லாவில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு. பல மாதங்கள் முதிரவைத்த செடார் போன்றவற்றில் ஏறக்குறைய இல்லை. ஆகவே இவர்கள் சீஸை அறவே விலக்க வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, உடல் ஏற்பதைப் பார்த்து உண்ணலாம். பால்பொடி சேர்த்த பதப்படுத்திய சீஸில் மட்டும் லாக்டோஸ் கூடுதலாக இருக்கக்கூடும்.

2. பால் புரத ஒவ்வாமை. இது முற்றிலும் வேறான நோய். செரிமானக் குறைபாடு அன்று; உடலின் எதிர்ப்பாற்றல், பாலின் புரதத்தைப் பகையெனக் கருதித் தாக்குவது. இங்கே அளவு குறைத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறிதளவும் ஆபத்தை விளைவிக்கலாம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருப்பதால் அதுவும் ஆகாது. எருமைப் பால், ஆட்டுப் பால் ஆகியவற்றின் புரதங்களும் பசும்பாலின் புரதத்தை ஒத்தவை. ஆகவே அவையும் மாற்றாகா. "ஆட்டுப் பால் குழந்தைக்குக் குளிர்ச்சி" என்று பாட்டிமார் அன்போடு சொன்னாலும், இந்தக் குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

3. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு. இவர்களுக்குப் பால் பகையன்று. நிறைவுற்ற கொழுப்பும் உப்புமே கவனிக்க வேண்டியவை. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பை உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீஸ், சாஸ், அடிரொட்டி ஆகிய மூன்றிலும் உப்பு இருப்பதால், கடைப் பீட்சாவின் சில துண்டுகளிலேயே அந்த அளவின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்றது. இது வெண்ணெயைவிடவும் அதிகம். எனவே தேங்காய் எண்ணெயால் செய்த தாவர சீஸ், இதய நோயாளருக்கு எந்த நன்மையையும் தராது.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பீட்சாவில் சர்க்கரையை ஏற்றுவது முதன்மையாக மைதா அடிரொட்டிதான். சீஸின் கொழுப்பும் புரதமும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், பீட்சா உண்ட பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை உயர்ந்திருப்பதைக் காண்கிறோம். அதற்காகச் சீஸை எடுத்துவிட்டு வெறும் மைதாவையும் தக்காளிச் சாஸையும் உண்டால் சர்க்கரை விரைந்து ஏறும். சீஸை எடுத்த இடத்தில் பருப்பு, பயறு போன்ற புரதத்தை வைக்க வேண்டும்; அடிரொட்டியை மெலிதாக்க வேண்டும்.

4. சிறுநீரக நோய். இவர்களுக்குச் சோடியம், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்றிலும் கவனம் தேவை. சீஸில் பாஸ்பரஸ் மிகுதி. பதப்படுத்திய சீஸைக் குழைவாக்க அதில் பாஸ்பேட் உப்புகளும் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன. பருப்பிலும் கொட்டைகளிலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியையே உடல் ஏற்கிறது; சேர்மானமாக வரும் பாஸ்பேட்டையோ ஏறக்குறைய முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் இவர்கள் அதைத் தொடக் கூடாது.

5. கொள்கை. விலங்குப் பொருட்களை முற்றிலும் தவிர்க்க விரும்புவோர் பெருகி வருகிறார்கள். அவர்களின் முடிவை மதிக்கிறோம். சீஸ் மட்டுமன்றிப் பால், தயிர், முட்டை அனைத்தையும் விலக்கும்போது வைட்டமின் பி12 கிடைக்கும் வழி அடைபடுகிறது. தாவர உணவுகளில் அது நம்பத்தக்க அளவில் இல்லை. ஆகவே பி12 மாத்திரையோ, அது சேர்த்து வலுவூட்டிய உணவோ கட்டாயம் தேவை.

சீஸ் இல்லாத பீட்சா புதிதன்று

"சீஸ் இல்லாவிட்டால் அது பீட்சாவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பீட்சாவின் தாயகமான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தையே சான்றுக்கு அழைக்கலாம். அந்நகரின் மரபுப் பீட்சாவை ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் மரபுச் சிறப்புணவாகப் பதிவு செய்தது. அப்பதிவில் உள்ள இரண்டு வகைகளில் ஒன்றான மாரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே உண்டு; சீஸ் இல்லை. அந்நகரத்தாரின் பீட்சாக் கலையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஆகவே சீஸ் இல்லாத பீட்சாவைக் குறைபட்ட பீட்சாவாக எண்ணிப் பிள்ளை தாழ்வு கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு இந்தச் செய்தி மருந்தைப்போல் பயன்படும். எல்லாரும் உண்ணும்போது தான் மட்டும் ஒதுக்கப்பட்டவன் என்ற எண்ணமே, அக்குழந்தையை மறைவாக ஒரு துண்டை எடுத்து உண்ணத் தூண்டுகிறது.

நம் வட்டாரம் தரும் மாற்றுகள்

காவிரிப் படுகையில் மாற்றுப் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னர், வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப் பயறும் விதைக்கிறோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய். கஜா புயல் 2018இல் சாய்த்த தோப்புகளின் இடத்தில் மீண்டும் கன்றுகள் நட்டு வளர்க்கிறார்கள். புதுக்கோட்டைச் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடந்தால் முந்திரி. எள்ளும் நிலக்கடலையும் எங்கும் கிடைக்கும். இவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க மூன்று மாற்றுகளைக் கீழே தருகிறோம்.

பாசிப்பருப்பு எள் விழுது (நால்வருக்கு). அரை கப், அதாவது சுமார் 100 கிராம் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் குழைய வேகவிடவும். தோல் நீக்காத எள் இரண்டு மேசைக்கரண்டியை வறுத்து, இரண்டு பல் பூண்டு, மிளகு, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழியவும். இதை அடிரொட்டியின் மேல் தடவி, அதன்மேல் வெங்காயம், குடைமிளகாய், தக்காளி பரப்பிச் சுடவும். ஒருவருக்கு ஆறு கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கும்; இது ஏறக்குறைய 30 கிராம் மொஸரெல்லாவுக்கு நிகர். நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. இது இழுபடாது, அதை முன்னரே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

முந்திரிக் குழைவு (அறுவருக்கு). 100 கிராம் முந்திரியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கவும். ஒரு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, அரை கப் நீர் சேர்த்து நைய அரைக்கவும். ஒன்றரை மேசைக்கரண்டி மரவள்ளி மாவையோ, பொடித்துச் சலித்த ஜவ்வரிசியையோ கலந்து, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் பளபளப்பாகத் திரண்டு, சற்றே இழுபடும். சுடுவதற்கு முன் சிறு சிறு உருண்டைகளாக இடவும். குளிர்பெட்டியில் மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். சுவையில் சீஸுக்கு மிக அருகில் வருவது இதுதான். முந்திரியின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது என்பது நன்மை. ஆனால் 100 கிராம் முந்திரியில் ஏறக்குறைய 580 கலோரி உண்டு. உடல் எடையைக் குறைக்க வேண்டியவர்கள் அளவோடு கொள்ளவும். நிலக்கடலையிலும் இதைச் செய்யலாம்; பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய கடலைகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

அரிசிமாவுத் தேங்காய்ப்பால் குழம்பு (நால்வருக்கு). இரண்டாம் முறை பிழிந்த தேங்காய்ப்பால் ஒரு கப்பில் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கட்டியின்றிக் கரைத்து, பூண்டும் மிளகும் சேர்த்துக் கெட்டியாகும்வரை கிளறவும். முந்திரி, கடலை, எள் ஆகியவையும் ஒவ்வாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது பொருந்தும். முதற்பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதியாதலால் இரண்டாம் பாலையே பயன்படுத்தச் சொல்கிறோம். இதில் புரதம் மிகக் குறைவு. பக்கத்தில் ஒரு சுண்டல் இருக்கட்டும்.

சோயாவில் செய்யும் டோஃபுவும் நல்ல மாற்றே. புரதம் மிகுந்தது; உதிர்த்து, மஞ்சளும் மிளகும் பிரட்டி இடலாம். தைராய்டுக்கு மாத்திரை உண்பவர்கள், மாத்திரை உண்ணும் வேளையில் சோயா உணவை உண்ணாமல், போதிய இடைவெளி விடவேண்டும்.

சிறுநீரக நோயாளருக்கு மேற்சொன்ன விழுதுகளை அப்படியே பரிந்துரைக்க இயலாது. பருப்பு, முந்திரி, தக்காளி ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. வதக்கிய வெங்காயம், குடைமிளகாய், பூண்டு ஆகியவற்றைச் சிறிது நல்லெண்ணெயில் புரட்டி, மெல்லிய அடிரொட்டியின்மேல் உப்பின்றி இட்டுச் சுடுவது பெரும்பாலோர்க்குப் பொருந்தும். விழுது எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அவரவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து எங்கள் உணவியல் வல்லுநர் சொல்வார்.

கால்சியம் எங்கிருந்து வரும்?

இந்த மாற்றுகள் எதிலும் சீஸின் அளவுக்குக் கால்சியம் இல்லை. 100 கிராம் முந்திரியில் 50 மில்லிகிராம்கூட இராது. வயதுவந்தோருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. பாலை முற்றிலும் விலக்குபவர்கள் அந்தக் குறையை மற்ற வேளைகளில் நிரப்ப வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேலும், தோல் நீக்காத எள்ளில் ஆயிரத்துக்கு மேலும் கால்சியம் உள்ளது; முருங்கைக் கீரையும் நல்ல ஊற்று. எள்ளின் தோலை நீக்கினால் கால்சியத்தின் பெரும்பகுதி தோலோடு போய்விடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பாலை விலக்கிய குழந்தைக்குக் கால்சியம் மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறோம்.

பொட்டலத்தை வாசிக்கும் முறை

பொட்டலத்தின் முன்புறம் விற்பனைக்கானது, பின்புறமே உங்களுக்கானது. ஒவ்வாமை உள்ளவர்கள் கீழ்க்காணும் சொற்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அப்பொருளை வாங்க வேண்டாம்: மில்க் சாலிட்ஸ், மில்க் பவுடர், கேசீன், கேசினேட், வே, வே புரதம், பட்டர், நெய், கிரீம். இந்தச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே அடையாளம் காண்பதற்கு, எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு சிறு அட்டை தருகிறோம், கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சில மலிவான சீஸ் வகைகளில் பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயைச் சேர்க்கிறார்கள். பால்புரதமான கேசீன் அவற்றில் இருக்கும். "தாவரக் கொழுப்பு" என்ற சொல்லைக் கண்டதும் பால் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பால் சாராத பொருளுக்கு சீஸ், பால் போன்ற பெயர்களைச் சூட்டி விற்பதை நம் நாட்டின் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் தடுத்துள்ளது. ஆனாலும் மக்கள் பேச்சிலும், இணைய விற்பனையிலும், வெளிநாட்டுப் பொட்டலங்களிலும் அப்பெயர் வழங்குகிறது. விலங்குப் பொருள் கலவாத உணவுகளுக்கென 2022இல் தனி விதிமுறைகள் வந்தன. பச்சை நிறத்தில் ஆங்கில "வி" எழுத்தும் இலையும் கொண்ட குறி அவற்றுக்கு உரியது. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி வேறு. அது உள்ள பொருளில் பால் இருக்கலாம்.

இதயம், சிறுநீரகம் தொடர்பான நோயுள்ளவர்கள் சோடியம், நிறைவுற்ற கொழுப்பு ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. சேர்மானப் பட்டியலில் பாஸ்பேட் என்ற சொல்லோ, 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்களுள் ஒன்றோ இருந்தால் சிறுநீரக நோயாளர் அதைத் தவிர்க்கவும்.

வெளியில் உண்ணும்போது

ஒவ்வாமையுள்ள குழந்தைக்காகக் கடையில் "சீஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்வது போதாது. "குழந்தைக்குப் பால் ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டு, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அடிரொட்டி மாவில் பாலோ, பால்பொடியோ, வெண்ணெயோ உள்ளதா? சாஸில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்? சுடும் தட்டிலும் விளிம்பிலும் எதைத் தடவுகிறீர்கள்? சீஸ் பீட்சாவை வெட்டிய கத்தியாலேயே இதையும் வெட்டுவீர்களா? இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை வராவிட்டால், அங்கே குழந்தைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் செய்ததைக் கையோடு கொண்டு செல்லுங்கள். விருந்தழைத்தவர் தவறாக நினைக்க மாட்டார்.

உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசி உங்களிடம் தரப்பட்டிருந்தால், உடனே தொடையின் வெளிப்புறத்தில் போடுங்கள். குழந்தையைக் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து அமரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஒவ்வாமை மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

நிறைவாக

சென்ற மாதம் அந்தச் சிறுவன் மறுபரிசோதனைக்கு வந்தான். அவனது பத்தாவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பீட்சா செய்தார்களாம். அடிரொட்டி மாவை அப்பா பிசைந்தார். முந்திரிக் குழைவை அம்மா கிளறினார். வந்த நண்பர்கள் அனைவருக்கும் அதுவே விருந்து. அன்று அவனுக்கென்று தனித் தட்டு வைக்க வேண்டியிருக்கவில்லை. முந்திரி அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை முன்னரே இங்கு சோதித்து உறுதி செய்திருந்தோம். ஒவ்வாமையுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் அவ்வாறே சோதித்தபின் தொடங்குவதுதான் முறை.

அம்மையாரின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பொட்டல சீஸை நிறுத்தியதோடு மருந்தையும் சற்று மாற்றினோம். இரண்டும் சேர்ந்தே பயன் தந்தன. பேரப் பிள்ளைகள் பீட்சா உண்ணும் நாளில் அவருக்கு வெங்காயமும் குடைமிளகாயும் இட்ட மெல்லிய துண்டு ஒன்று கிடைக்கிறது. "உப்பு கொஞ்சம் பத்தலை டாக்டர், ஆனா எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடறேன்" என்றார்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் மாற்றுப் பொருளின் பொட்டலத்தையும் மருந்துச் சீட்டோடு எடுத்து வாருங்கள். இருவரும் சேர்ந்து அதன் பின்புறத்தை வாசிப்போம்.